மாமரத்தடிப் புல்லும் ஒரு கை உப்பும்

அத்தியாயம் பதினேழு

புல் பட்டுப்போனதற்கெல்லாம் ஒரு மனுசி அழுவாளா என்று கேட்பவர்கள், அந்த வெள்ளிக்கிழமை காலை ஆலங்குடாவில் றஜனியைப் பார்த்திருக்க வேண்டும். ஒரு கையில் அறுக்குளா மீன் பை, மறு கையில் செருப்பு, கண்ணில் பொலபொலவென்று தண்ணீர். கடற்கரையில் மீன் வாங்கிக்கொண்டு வந்து படலையைத் திறந்தவள், அப்படியே நின்றுவிட்டாள்.

மாமரத்தைச் சுற்றிப் புல் கருகிக் கிடந்தது. அங்கொன்றும் இங்கொன்றுமாக இல்லை. மரத்தை நடுவில் வைத்து யாரோ வட்டம் கீறியதுபோல, ஒரு முழ அகலத்துக்கு, சுற்றிவர மஞ்சள். மூன்று நாளாக நுனி வாடியபோது வெயில் கூடிப்போச்சு என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டிருந்தாள். இன்றைக்கு அந்தத் தேறுதலுக்கும் வழியில்லை.

இன்றைக்குத்தான் பதினொரு மணிக்கு பிலோமினா புல் பார்க்க வருகிறாள்.

இந்தப் புல்லின் கதை உங்களில் பலருக்குத் தெரியும். தெரிந்தவர்கள் ஒரு வாய் தேத்தண்ணி குடித்துவிட்டு வாருங்கள், தெரியாதவர்களுக்கு நான் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். றஜனியின் ஒரே மகள் தர்சிகாவுக்கும் சிலாபத்துச் சுஜனுக்கும் தை மாதம் எழுத்து. பதிவுகாரர் வந்து, பெண்ணும் மாப்பிள்ளையும் சாட்சிகளும் கையெழுத்து வைத்து, எல்லாரும் விருந்து சாப்பிடுகிற நாள். அதைப் பெண் வீட்டில் வைப்பதுதான் இவர்கள் வழக்கம்.

ஆனால் சுஜனின் தாய் பிலோமினா சம்பந்தம் பேச வந்தது கச்சான் காற்று பேயாக வீசிய ஒரு நாளில். சொதிக்குள் மண். வட்டிலப்பத்துக்குள் மண். கதிரைக் கால் மணலில் புதைந்து, பிலோமினாவின் அக்கா கையில் கோப்பையோடு சரிந்து விழுந்தாள். "இந்த மணலுக்குள்ள எண்பது பேரை எப்படி இருத்துறது? சிலாபத்தில ஒரு கல்யாண ஹோல் எடுப்போமே" என்று பிலோமினா சொன்னதில் நியாயம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. றஜனிதான் கையைப் பிடித்துக்கொண்டு, "மாமரத்தடியில புல்லு வளர்த்துக் காட்டுறன், வளர்ந்தால் இங்கதான்" என்று வாக்கு வாங்கினாள்.

அதற்குக் காரணம் அவளுடைய மாமா. கணவன் அமல்ராஜின் தகப்பன், செபஸ்தியாம்பிள்ளை. எழுபத்தாறு வயது. இடம்பெயர்ந்து இந்தப் பக்கம் வந்த நாள் தொடக்கம் புத்தளத்து உப்பளத்தில் இருபத்தைந்து வருஷம் வேலை செய்த மனுசன். போன வருஷம் கிணற்றடியில் சறுக்கி இடுப்பெலும்பு உடைந்து, ஆணி வைத்துத் தைத்த பிறகு, வோக்கரைப் பிடித்துக்கொண்டு வளவுக்குள் மட்டும் நடப்பார். வாகனத்தில் பத்து நிமிஷம் இருக்க ஏலாது. கிளினிக்குக்குக் கொண்டுபோன அன்று பாதி வழியில் அவர் முனகிய முனகலைக் கேட்டு, ஓட்டோக்காரன் தானாகவே வண்டியைத் திருப்பிவிட்டான். சிலாபத்துக்கோ இரண்டு மணித்தியாலம்.

ஆக, எழுத்து ஹோலில் என்றால் மாமா இல்லை. மாமா இல்லை என்றால் அந்தத் தாளில் அவருடைய சாட்சிக் கையெழுத்தும் இல்லை. றஜனிக்கு அது மட்டும் பொறுக்காது.

அவளுடைய சொந்த எழுத்து இருபத்தாறு வருஷத்துக்கு முன், அகதி முகாமின் ஒரு கொட்டிலில் நடந்தது. வன்னியிலிருந்து தாயோடு வந்து சேர்ந்தவள் அவள். தகப்பன் எங்கே என்று இன்றுவரை தெரியாது. பதிவுகாரர், "பொம்பிளை பக்கத்துச் சாட்சி ஆர்?" என்று கேட்டபோது தாய் தலையைக் குனிந்துகொண்டாள். அப்போது மாப்பிள்ளையின் பக்கத்தில் இருந்த செபஸ்தியாம்பிள்ளை எழும்பி, கதிரையைத் தூக்கிக்கொண்டு இந்தப் பக்கம் வந்து போட்டு, "நான்தான்" என்று சொல்லிப் பேனையை வாங்கினார். அன்றிலிருந்து றஜனி வாயால் அவரை மாமா என்று கூப்பிட்டாலும், மனதுக்குள் அவருக்கு வேறு பெயர்.

சரி, புல்லுக்கு வருவோம். முதலில் பக்கத்து ஹோட்டல்காரரைப் பார்த்து, அவர்கள் வெயிலில் வளர்க்கிற அதே மெல்லிய புல்லை வாங்கிப் பதித்தாள். மாமர நிழலில் அது மூன்று கிழமையில் நூலாக மெலிந்து செத்தது. "மரத்தைத் தறிச்சு விடுவம்" என்றான் அமல்ராஜ். மரத்தைத் தறித்தால் நிழலுக்கு எங்கே போவது? அப்போதுதான் நுரைச்சோலையில் நாற்று மேடை வைத்திருக்கும் மின்ஹாஜ் வந்தான். நிழல் தாங்குகிற அகல இலைப் புல்லைக் கொண்டுவந்தான். அடிக்கொப்புகளை மட்டும் வெட்டி, வெளிச்சம் பொட்டுப் பொட்டாகக் கீழே விழ வைத்தான். மணலில் எருவும் தும்புத்தூளும் கலந்தான். விடியத் தண்ணி, அதுவும் ஒருநாள் விட்டு ஒருநாள், வேர் நனையும்வரை. பின்னேரம் கூடாது, பூஞ்சணம் பிடிக்கும். சருகைத் தினமும் கூட்ட வேண்டும். வெட்டினால் மூன்று விரல் உயரத்துக்குக் குறையக் கூடாது, நிழல் புல்லுக்கு இலைதான் வயிறு. இத்தனையும் றஜனி பாடமாக்கி, முழங்கால் தேயத் தேயச் செய்தாள். பக்கத்து ஹோட்டலில் தங்கி, பட்டத்தைப் பிடித்துக்கொண்டு கடலில் சறுக்கி விளையாடுகிற வெள்ளைக்காரப் பிள்ளைகள் நனைந்த பட்டத்தைக் காயப்போட வந்தால், கயிற்றைக் கட்டி மறித்துக் கையாலேயே கதைத்து விரட்டினாள்.

அந்தப் புல்தான் இப்போது வட்டமாகக் கருகிக் கிடக்கிறது.

மீனைக் குசினிக்குள் வைத்த கையோடு போனை எடுத்தாள்.

"மின்ஹாஜ், நீர் தந்த புல்லு எல்லாம் செத்துப் போச்சு. என்ன புல்லைக் கொண்டுவந்து என்ர தலையில கட்டினனீர்?"

"என்னாக்கா இது, போன கிழமை நான் பாக்கக்குள்ள கம்பளம் மாதிரி இருந்திச்சே!"

"கம்பளம் எரிஞ்சு போச்சு. வந்து பாரும். இப்ப வாரும்."

"இண்டைக்கு ஜும்ஆத் தொழுகை இரிக்கி அக்கா…"

"ஜும்ஆவுக்கு இன்னும் நாலு மணித்தியாலம் இருக்குது. பத்து மணிக்குள்ள இங்க நிக்க வேணும்."

போனை வைத்தபோது விறாந்தையில் மாமா இருப்பது தெரிந்தது. சாய்வு கதிரையில், வோக்கரை முன்னால் நிறுத்திக்கொண்டு, மாமரத்தைப் பார்க்காமல் படலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டிருப்பார்.

"அழாத பிள்ளை" என்றார். "புல்லுத்தானே."

"புல்லுத்தானே எண்டு சொல்லாதேங்கோ மாமா."

"நிழலுக்குள்ள புல்லு வராது எண்டு நான் அண்டைக்கே சொன்னனான். விடு. ஹோல்ல எண்டாப் பிள்ளையளுக்கும் வசதி. ஏசியும் இருக்கும்."

"உங்களுக்கு ஏசி பிடிக்காது."

"எனக்கென்ன, நான் இங்க இருந்து றோசரி சொல்லிக்கொண்டு இருப்பன். நீங்கள் வீடியோவில காட்டுங்கோ."

வீடியோவாம். றஜனிக்கு நெஞ்சுக்குள் எரிந்தது. அவரோடு கோபிக்கவும் முடியவில்லை. அவருக்குத் தேத்தண்ணியை ஊற்றிக் கொடுத்துவிட்டு, விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு மாமரத்தடிக்குப் போனாள். செத்த புல்லுக்கு மேல் விழுந்த சருகைக் கூட்டினாள். என்ன பிரயோசனம் என்று கேட்காதீர்கள். கை சும்மா இருந்தால் அவளுக்கு அழுகை வரும்.

மின்ஹாஜ் சொன்னபடி பத்துக்குள் வந்தான். மோட்டார் சைக்கிளை நிறுத்தி, வெள்ளைத் தொப்பியைச் சட்டைப் பைக்குள் செருகிக்கொண்டு, புல்லின் ஓரத்தில் குந்தினான். ஒரு பிடி பிடுங்கி வேரைப் பார்த்தான். மணலைக் கிள்ளி விரலில் உருட்டினான். பிறகு, றஜனி பார்த்துக்கொண்டிருக்கவே, அந்த விரலை நாக்கில் வைத்தான்.

"அல்லாஹ்வே" என்றான். "அக்கா, என்ட புல்லுல பிழையில்ல. இது உப்பு."

"உப்போ?"

"நீங்களே பாருங்க. கடல் காத்துல வந்ததெண்டா இப்படி வட்டமா விழாது. தென்னைக்குப் போடுற மாதிரி யாரோ சுத்திவரப் போட்டிரிக்காங்க. ஒரு தரம் இல்ல, மூனு நாலு தரம்."

றஜனியும் கிள்ளி நாக்கில் வைத்தாள். கரித்தது. துப்பினாள்.

அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. இந்தக் கரையில் தென்னங்கன்று நடும்போது கிடங்குக்குள் ஒரு கை உப்புப் போடுவார்கள். வருஷா வருஷம் மரத்தைச் சுற்றி வட்டம் வெட்டிப் பசளையோடு உப்பும் போடுவார்கள். அதுதான் தென்னைக்குத் தெம்பு என்பது எல்லாரும் அறிந்த விஷயம். காலை ஆறு மணிக்கு அவள் மீனுக்குப் போகிறாள், அமல்ராஜ் அதற்கு முதலே டொல்பின் காட்டச் சுற்றுலாக்காரரை ஏற்றிக்கொண்டு கடலுக்குப் போய்விடுகிறான், தர்சிகா குளித்து வெளிக்கிட்டுக் கற்பிட்டிப் பள்ளிக்கூடத்துக்குப் படிப்பிக்கப் போகிறாள். அந்த நேரம் வளவுக்குள் நடமாட ஒரே ஒரு ஆள்தான்.

களஞ்சிய அறைக்குள் போய்ப் பார்த்தாள். கருவாட்டுக்கு வாங்கி வைத்த உப்புச் சாக்கு அரைவாசியாக இறங்கியிருந்தது. நிலத்தில் வோக்கரின் ரப்பர் கால் பதிந்த தடம்.

பாவி மனுசன். புல் கெதியாக வளரட்டும் என்று, பேத்தியின் எழுத்துக்கு உதவி செய்கிறேன் என்று, ஒரு கையால் வோக்கரையும் மறு கையால் சிரட்டை உப்பையும் பிடித்துக்கொண்டு தட்டித் தட்டி நடந்திருக்கிறார். றஜனிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. மாமா செய்தது இதுதான் என்று பிலோமினாவுக்குத் தெரிய வேண்டாம். மாமாவுக்கே தெரிய வேண்டாம். தான் கெடுத்தது என்று அறிந்தால் அந்த மனுசன் சாப்பிடமாட்டார்.

வெளியே வந்து, "மின்ஹாஜ், இனிக் காப்பாத்த ஏலுமோ?" என்று மெல்லக் கேட்டாள்.

"மேல் மணலை ரெண்டு விரல் ஆழத்துக்கு வழிச்செடுப்போம். பொறகு நல்ல தண்ணியா விட்டு விட்டுக் கழுவோணும். இது மணல்தானே, உப்பு நிக்காது, கீழ போயிரும். மாமரம் கொஞ்சம் இலை கருகும், ஆனாத் தாங்கிரும். ரெண்டு கிழமையில புதுப் புல்லுப் பதிக்கலாம். தைக்கு வந்திரும், இன்ஷா அல்லாஹ்."

"அப்ப தொடங்கும்."

இருவரும் மண்வெட்டியும் தாச்சியுமாக இறங்கினார்கள். மாமா விறாந்தையில் இருந்து ஒரு வார்த்தையும் பேசவில்லை. வழக்கமாக யார் மண்வெட்டி பிடித்தாலும் பிழை பிடிக்கிற மனுசன்.

பிலோமினாவின் வான் பதினொரு மணிக்கு என்று சொல்லிப் பத்தே முக்காலுக்கே வந்து நின்றது. றஜனி முழங்கால்வரை மண்ணோடு, சட்டைக்கு மேல் கட்டிய பழைய சாரத்தோடு நின்றாள். ஒளிக்க நேரமில்லை. மாமரத்தடி பாதி உரித்த ஆட்டைப்போலக் கிடந்தது.

பிலோமினா பருத்த உடம்பு, சந்தன நிறக் கைத்தறிச் சேலை, கையில் எப்போதும் ஒரு கைக்குட்டை. வந்தவள் புல்லைப் பார்த்தாள், றஜனியைப் பார்த்தாள்.

"அனே, என்ன சம்பந்தி இது?"

"நான்தான் பிழை விட்டிட்டன்" என்றாள் றஜனி, மூச்சு விடாமல். "தென்னைக்குப் போடுற நினைவில உப்பைப் போட்டிட்டன். ரெண்டு கிழமை தாங்கோ. தைக்குள்ள வந்திடும், மின்ஹாஜ் சொல்லுறார். நான் பொறுப்பு."

பிலோமினா விறாந்தைப் பக்கம் திரும்பினாள். மாமா தலையைக் குனிந்துகொண்டிருந்தார். பிலோமினாவின் முகம் ஒருமாதிரிப் போனது.

"இல்ல" என்றாள். "என்னால இதுக்கு மேல முடியாது ஐயா. மன்னிச்சிருங்க. நான் சொல்லத்தான் போறேன்."

"பிலோமினா…" என்றார் மாமா.

"சம்பந்தி, போன கிழமை திங்கக்கிழமை ஐயா எனக்குக் கோல் எடுத்தார். எழுத்தை ஹோலிலேயே வையுங்க, றஜனிக்குச் சொல்ல வேணாம் எண்டு சொன்னார். எப்படி ஐயா, நான் அவக்கு வாக்குக் குடுத்திருக்கேனே, புல்லு வந்திருச்செண்டா என்ன சொல்றது எண்டு கேட்டேன். ‘புல்லு வராது, அதுக்கு நான் பொறுப்பு’ எண்டார். எனக்கு அப்ப விளங்கல்ல."

மின்ஹாஜ் மண்வெட்டியை மெல்லக் கீழே வைத்தான்.

றஜனி விறாந்தைப் படிக்கு நடந்து வந்தாள். உதவி செய்யப்போய்க் கெடுத்தார் என்று நினைத்தாளே. இருபத்தைந்து வருஷம் உப்புக்குள் நின்ற மனுசனைப் பற்றி அப்படி நினைத்தாளே.

"மாமா. உப்புப் போட்டால் புல்லுச் சாகும் எண்டு உங்களுக்குத் தெரியும்."

செபஸ்தியாம்பிள்ளை நிமிர்ந்தார்.

"உப்பளத்து வரம்பில எங்கயாவது புல்லு முளைச்சுப் பார்த்திருக்கிறியே பிள்ளை?" என்றார். "மூண்டு மாதமா நீ முழங்காலில நிண்டு அந்தப் புல்லைத் தடவினதை நான் இந்தக் கதிரையில இருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தனான். ராவில காலைப் பிடிச்சுக்கொண்டு படுக்கிறாய். ஆருக்காக? உடைஞ்ச என்ர இடுப்பெலும்புக்காக. ஒரு பிள்ளையின்ர எழுத்து, ரெண்டு குடும்பத்தின்ர சந்தோசம், எல்லாம் இந்த எலும்பில தொங்கக் கூடாது. புல்லுச் செத்தால் நீ விட்டிடுவாய் எண்டு நினைச்சன்."

"அண்டைக்கு என்ர பக்கம் கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்தனீங்களே…"

"அது அண்டைக்கு வேற ஆளில்லை. தர்சிகாவுக்குத் தகப்பன் இருக்கிறான், சித்தப்பன்மார் இருக்கினம். சாட்சிக்கு ஆளில்லாமலே போச்சு?"

"ஆளில்லை எண்டு உங்களைக் கேக்கேல்ல மாமா!" றஜனி கத்தியேவிட்டாள். இந்த வீட்டுக்கு வந்து இத்தனை வருஷத்தில் அவரிடம் அவள் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தரம். "நீங்கள் எண்டுதான் கேக்கிறன். நான் பெத்த பிள்ளையின்ர தாளில என்ர அப்பாவின்ர கையெழுத்து இருக்க வேணும். எனக்கு இருக்கிறது நீங்கள் ஒராள்தான்."

சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பா என்ற சொல் இருபத்தாறு வருஷமாக உள்ளே இருந்து, இப்படி ஆட்களுக்கு முன்னால் வந்து விழுந்துவிட்டது. மாமா தோளில் கிடந்த துவாயை எடுத்து முகத்தைத் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

பிலோமினா கைக்குட்டையைக் கண்ணிலிருந்து எடுத்தபோது அது நனைந்திருந்தது.

"எனக்கு இங்க வைக்கிறதில ஒரு தடையும் இல்ல சம்பந்தி, மாதா மேல ஆணையா" என்றாள். "ஆனா ஐயா கோல் எடுத்த பொறகு ஹோலை ஒழுங்கு செஞ்சது என்ட பெரியண்ணன். இத்தாலியில இருந்து எழுத்துக்கெண்டே வாறார். ஊரெல்லாம் சொல்லிட்டார். சுஜனைத் தகப்பனில்லாமல் வளர்த்ததும் அவர்தான், அவர் பேச்சுக்கு நாங்க மறுபேச்சுப் பேசினதில்ல. ஞாயிறு பூசை முடிஞ்சு கோல் எடுத்துப் பேசிப் பார்க்கிறேன். ஒத்துக்குவார் எண்டு மட்டும் நான் சொல்ல மாட்டேன்."

"பேசிப் பாருங்கோ" என்றாள் றஜனி. "புல்லு என்ர வேலை. அதை நான் பார்க்கிறன்."

கண்ணைப் புறங்கையால் துடைத்துவிட்டு மாமரத்தடிக்குப் போனாள். மின்ஹாஜ் நேரத்தைப் பார்த்தான். ஜும்ஆவுக்கு இன்னும் ஒரு மணித்தியாலம் இருந்தது. அவன் கிணற்றடிக் குழாயைத் திறந்துவிட்டான். றஜனி நீளக் குழாயைப் பிடித்து, உரித்த மணலில் தண்ணீரை விட்டாள். மணல் மடமடவென்று குடித்தது. அவள் வட்டத்தைச் சுற்றி நகர்ந்தாள். விறாந்தைப் பக்கம் திரும்பிப் பார்க்கவே இல்லை. கோபம்தான். அவ்வளவு அன்பான ஆளோடு வருகிற கோபம் கெதியில் போகாது.

பின்னால் வோக்கர் தட்டுகிற சத்தம் கேட்டது. விறாந்தையிலிருந்து ஒரு படி. பிறகு மற்றப் படி. அது நின்றது.

"பிள்ளை" என்றார் செபஸ்தியாம்பிள்ளை.

அவள் திரும்பவில்லை.

"கிணத்துப் பக்கத்தை விட்டிட்டுப் போறாய். அங்கதான் நான் கனக்கப் போட்டனான்."